டீசல் லைன் கேஜ் கிட்: எஃப்.ஐ. பம்பைக் கழற்றும் முன் இதை மாட்டிப் பாருங்கள்

டிராக்டர் இழுவை குறைந்துவிட்டால் எல்லோர் வாயிலும் முதலில் வருவது "பம்ப் போயிருச்சு" என்ற பேச்சுதான். அவர்கள் சொல்வது எஃப்.ஐ. பம்பை, அதாவது டீசலை அழுத்தி ஒவ்வொரு சிலிண்டருக்கும் அனுப்புகிற ஃபியூயல் இன்ஜெக்ஷன் பம்பை. பம்பைக் கழற்றி, காலிபரேஷனுக்குக் கொடுத்து, வாங்கி வந்து மாட்டி, டைமிங் பார்த்து ஓட்டினால், பல வண்டிகள் அதே இடத்தில் அதே மாதிரி திணறும். கோளாறு பம்புக்குள் இருந்தால்தானே பம்பைப் பார்த்துச் சரியாகும்? டேங்கிலிருந்து பம்ப் வாசல் வரை டீசல் வரும் வழியில் அடைப்போ காற்றோ இருந்தால், எவ்வளவு நல்ல பம்பும் தனக்கு வந்து சேர்ந்ததைத்தான் கொடுக்கும்.

டிராக்டர் பழுது பார்ப்பது என் தொழில். அந்த வழியை அளக்கிற கிட் ஒன்றை வாங்கி, வேலைக்கு வருகிற வண்டிகளில் மாட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கிட்டின் தரம் நடுத்தரம்தான். ஆனால் அது காட்டித் தருகிற விஷயம் பெரிது. இரண்டையும் பிரித்தே எழுதுகிறேன்.

பெட்டிக்குள் ஒரு காம்பவுண்ட் கேஜ் இருக்கிறது. பூஜ்ஜியத்துக்கு இடது பக்கம் வேக்குவம், −1 பார் வரை. வலது பக்கம் பிரஷர், 3 பார் வரை. உள்வட்டத்தில் மெர்க்குரி அங்குலமும் பிஎஸ்ஐயும் சிவப்பில் போட்டிருக்கிறார்கள். கூடவே ஒரு நிடில் வால்வ், உள்ளே ஓடுவது தெரிகிற ஹோஸ், 10, 12, 14 மி.மீ. பான்ஜோ போல்ட்கள் (குழாயை இணைக்கிற, நடுவில் டீசல் ஓட ஓட்டை உள்ள போல்ட்கள்), டி ஜாயின்ட்கள், கிளிப்கள், கையால் அமுக்குகிற பிரைமர் பல்ப். இதே அமைப்பில் வெவ்வேறு பெயர் ஒட்டி நிறைய வருகின்றன. பெயரைவிட உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து வாங்குவதுதான் சரி. முக்கியமாக, வெறும் பிரஷர் கேஜ் மட்டும் உள்ள கிட் வேண்டாம். இழுவைக் கோளாறில் பாதிக் கதை, டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சி எஃப்.ஐ. பம்புக்குத் தள்ளுகிற ஃபீட் பம்புக்கு முன்னால், உறிஞ்சுகிற பக்கத்தில் நடக்கிறது. அங்கே பிரஷர் கேஜ் பூஜ்ஜியத்தில் சும்மா நிற்கும்.

கிட்டை எடுக்கும் முன் சிலவற்றைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். ஒருவர் ஆக்ஸிலரேட்டரை முழுக்கக் கொடுக்க, இன்னொருவர் பம்ப் லீவர் மேக்ஸிமம் ஸ்டாப் ஸ்க்ரூவைத் தொடுகிறதா என்று பார்க்கட்டும். ராடு வளைந்திருந்தாலும், பால் ஜாயின்ட் தேய்ந்திருந்தாலும், பெடலுக்கு அடியில் மண் இறுகியிருந்தாலும் லீவர் அந்த ஸ்க்ரூவுக்குச் சற்று முன்னாலேயே நின்றுவிடும். ஓட்டுகிறவருக்கு முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்த மாதிரியே இருக்கும். ஸ்டாப் கேபிளும் அப்படித்தான். துருப்பிடித்து முழுதாகத் திரும்பாமல் நின்றால், பம்பில் உள்ள ஸ்டாப் லீவர் கொஞ்சம் மூடியபடியே இருக்கும். வண்டி ஸ்டார்ட் ஆகும், சும்மா ஓட்டினால் ஓடும், லோடு வந்ததும் படுத்துவிடும்.

அடுத்தது புகை. இதை நான் கேஜுக்குச் சமமாக மதிக்கிறேன். முழு லோடில் கரும்புகை கக்கிக்கொண்டு இழுவை இல்லை என்றால், டீசல் வருகிறது, அதை எரிக்கப் போதுமான காற்று வரவில்லை அல்லது சிலிண்டருக்குள் டீசல் விடுகிற நாசில் அதைச் சரியாகத் தூவவில்லை. அப்போது ஏர் கிளீனரையும், இன்டேக் ஹோஸையும், டர்போ இருந்தால் அதற்குப் பின்னால் உள்ள குழாய்களையும் பாருங்கள். வெள்ளைப்புகை என்றால் டீசல் எரியாமலே வெளியே போகிறது: நாசில், டைமிங், கம்ப்ரஷன் பக்கம் போக வேண்டும். புகையே இல்லாமல், சைலன்சர் சுத்தமாக, வண்டி மட்டும் இழுக்கவில்லை என்றால் அதுதான் டீசல் பற்றாக்குறை. அந்த வண்டிக்குத்தான் இந்தக் கிட்.

நான் முதலில் மாட்டுவது கேஜை அல்ல, ஹோஸை. ஃபில்டருக்கும் எஃப்.ஐ. பம்புக்கும் நடுவில் உள்ள குழாயைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஹோஸைப் போட்டு, பிளீடிங் செய்து (உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றி), இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட விடுவேன். திறந்து மாட்டியதால் ஆரம்பத்தில் சில குமிழி வரத்தான் செய்யும், அவை ஓடிப் போய்விடும். அதற்குப் பிறகும் பொடிப்பொடியாக நுரை மாதிரி வந்துகொண்டே இருந்தால் சக்ஷன் பக்கம், அதாவது உறிஞ்சுகிற பக்கம், எங்கேயோ காற்று எடுக்கிறது. சக்ஷன் பக்க லீக்கில் பெரும்பாலும் ஒரு சொட்டு டீசல்கூட வெளியே வராது. உள்ளே வெளிக்காற்றைவிடக் குறைந்த அழுத்தம் இருப்பதால் டீசல் கசிவதற்குப் பதில் காற்று உள்ளே போகும். "எங்கேயும் லீக் இல்ல, துடைச்சுப் பார்த்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டு வருகிற வண்டிகளில் இதைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

காற்று எடுக்கிற இடங்கள் ஏறக்குறைய எல்லா வண்டியிலும் ஒன்றுதான். பழைய காப்பர் வாஷரையே திரும்பப் போட்ட பான்ஜோ, ஃபில்டர் தலையில் சரியாக உட்காராத ரப்பர் ரிங், வாட்டர் செபரேட்டரின் ட்ரெயின் பிளக், ஹேண்ட் பிரைமரின் உள் சீல், கிளிப்புக்கு அடியில் துரு அரித்த இரும்புக் குழாய். அந்தக் கடைசி இடத்தை கிளிப்பைத் தளர்த்தி நகர்த்தினால்தான் பார்க்க முடியும். அதிர்வில் கிளிப் உரசி உரசி அங்கே ஊசி முனை அளவு ஓட்டை விழுந்திருக்கும். கிட்டில் வருகிற பிரைமர் பல்ப் இதற்கு நன்றாக உதவுகிறது. குழாயை டேங்கிலிருந்து பிரித்து, பல்பின் ஒரு முனையை அதில் மாட்டி, மறு முனையைச் சுத்தமான டீசல் கேனில் போட்டு மெதுவாக அமுக்க வேண்டும். 0.2, 0.3 பார் போதும். காற்று உள்ளே போன அதே ஓட்டையில் டீசல் வெளியே பனிக்கும். டேங்கோடு சேர்த்து அழுத்தம் கொடுக்கவே கூடாது, கம்ப்ரஸர் காற்றையும் இதில் விடக் கூடாது.

காற்று இல்லை என்று தெரிந்தால் கேஜுக்கு வருவேன். முதல் இடம் ஃபீட் பம்பின் இன்லெட். சில சின்ன டிராக்டர்களில் டேங்க் இன்ஜினுக்கு மேலே இருக்கும், டீசல் தானாக இறங்கும், ஃபீட் பம்பே கிடையாது. அவற்றை விட்டுவிடுங்கள். மற்றவற்றில், பம்ப் எவ்வளவு சிரமப்பட்டு உறிஞ்சுகிறது என்பதை வேக்குவம் முள் சொல்லும். வழி நன்றாக இருந்தால் முழு ஆர்பிஎம்மிலும் முள் பூஜ்ஜியத்தை விட்டு அதிகம் இடது பக்கம் போகாது. ஒவ்வொரு இன்ஜினுக்கும் எவ்வளவு வரை அனுமதி என்பது அதன் சர்வீஸ் மேனுவலில் இருக்கும், அதைத்தான் கணக்காக எடுத்துக்கொள்ள வேண்டும். 0.1 பார் என்பது சுமார் 3 அங்குல மெர்க்குரி. மேனுவலில் அங்குலத்தில் போட்டிருந்தால் இந்தக் கணக்கு கைகொடுக்கும்.

ஒரு நுணுக்கம். கேஜைத் தூக்கி பானட்டுக்கு மேலே கட்டிவிட்டு அளந்தால் அளவு தப்பும். ஹோஸில் டீசல் நிறைந்திருந்தால் ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் சுமார் 0.08 பார் குறைத்துக் காட்டும். பிரஷர் பக்கத்தில் அது பெரிய விஷயமில்லை. வேக்குவம் பக்கத்தில் நாம் தேடுவதே 0.1, 0.2 பார் என்பதால், நல்ல வண்டியைக்கூட அடைப்பு என்று சொல்லிவிடும். கேஜை ஃபீட் பம்பின் மட்டத்திலேயே கட்டுங்கள், இல்லாவிட்டால் உயரத்தைக் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள். கிட்டோடு வந்த ஒற்றைத் தாளில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

இந்தக் கேஜின் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது ஒரு ரோட்டவேட்டர் வண்டியில். வேலையைத் தொடங்கும்போது நன்றாக இழுக்கும். இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு ஆர்பிஎம் மெல்ல மெல்ல இறங்கும். நிறுத்தி ஆறவிட்டால் மறுபடி கொஞ்ச நேரம் ஓடும். வண்டிக்காரத் தம்பி சலித்துப்போய் வந்திருந்தார். "அண்ணே, ஃபில்டர் ரெண்டும் மாத்தியாச்சு. பம்பையும் கழட்டி வேலை பாத்து மாட்டியாச்சு. இன்னும் இப்படியேதாண்ணே இருக்கு."

"பம்பை விடு தம்பி. இந்தக் கேஜை மாட்டித் தர்றேன், முழு லோடுல ஓட்டு" என்றேன்.

ஐட்லிங்கில் முள் பூஜ்ஜியத்திலேயே நின்றது. லோடு இல்லாமல் முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்தபோது −0.1க்குப் பக்கத்தில். இங்கேயே நிறுத்தியிருந்தால் வண்டியில் ஒன்றுமில்லை என்றுதான் சொல்லியிருப்போம். ரோட்டவேட்டரை இறக்கி ஓட்ட ஓட்ட முள் இடது பக்கம் நகர ஆரம்பித்தது. ஆர்பிஎம் விழத் தொடங்கியபோது −0.4ஐத் தொட்டு அங்கேயே நின்றது. டேங்க் மூடியைத் தளர்த்தினோம். மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருந்தால் "புஸ்" என்று காற்று உள்ளே போய் முள் உடனே பூஜ்ஜியத்துக்குத் திரும்பும். திரும்பவில்லை. டேங்கை விட்டுவிட்டு, கேனில் சுத்தமான டீசல் வைத்துப் புது ஹோஸ் வழியாக ஃபீட் பம்புக்குக் கொடுத்தோம். முள் பூஜ்ஜியத்துக்கு வந்தது, வண்டி லோடை இழுத்துக்கொண்டு போனது.

அப்படியென்றால் டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில். டேங்க் அவுட்லெட் வலை சுத்தமாக இருந்தது. மிச்சம் இருந்தது ஒரு முழம் ரப்பர் ஹோஸ். வெளியே பார்த்தால் வெடிப்பு இல்லை, மடிப்பு இல்லை, கையால் வளைத்தாலும் நன்றாகவே வளைந்தது. வாயால் ஊதினால் காற்று தாராளமாகப் போனது. நீளவாக்கில் கத்தியால் கீறிப் பிரித்தேன். உள்பக்க ரப்பர் ஊறி, ஒரு இடத்தில் பாம்புச் சட்டை மாதிரி உரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. டேங்க் பக்கம் ஒட்டியும் பம்ப் பக்கம் உரிந்தும் இல்லை, அதற்கு நேர்மாறு: பம்ப் பக்கம் ஒட்டியிருந்தது, டேங்கைப் பார்த்த விளிம்பு கழன்றிருந்தது. டீசல் ஓட்டம் அந்த விளிம்புக்கு அடியில் புகுந்து அதைத் தூக்கி வழியை மறித்திருக்கிறது. சூடேறி ரப்பர் இளகியதும் இன்னும் அதிகமாக மறிக்கும். நான் ஊதிப் பார்த்தது பம்ப் பக்கத்திலிருந்து, அதனால்தான் உரிந்த தோல் சுவரோடு படிந்து காற்றுக்கு வழிவிட்டது. ஹோஸை மாற்றியதோடு வேலை முடிந்தது. அந்தப் பம்பைக் கழற்றியிருக்கவே தேவையில்லை.

அந்தத் தம்பி கேஜைப் பார்த்துவிட்டு, "இதை முன்னாடியே யாராவது மாட்டியிருந்தா எனக்கு இந்த அலைச்சல் இல்லையேண்ணே" என்றார். எனக்கும் அதுதான் ஆதங்கம். பம்பைத் தொடும் முன் வழியை அளக்கிற பழக்கம் எல்லாப் பட்டறையிலும் வர வேண்டும்.

இதே அறிகுறியை டேங்குக்குள் மிதக்கிற இலை, துணித் துண்டு, ஒட்டுக் காகிதம் எல்லாம் கொடுக்கும். ஓடும்போது உறிஞ்சலில் அவுட்லெட்டில் போய் ஒட்டிக்கொள்ளும், இன்ஜினை நிறுத்தியதும் தானாக விலகிவிடும். கேனை வைத்து ஓட்டுகிற சோதனை இதையும் பிடித்துக் கொடுக்கும். தண்ணீர் கலந்த டேங்காக இருந்தால் அடியில் தண்ணீரும் டீசலும் சேர்கிற மட்டத்தில் கிருமி வளர்ந்து கருப்பாகக் கொழகொழவென்று இருக்கும். அது ஃபில்டரைத் திரும்பத் திரும்ப அடைக்கும். அப்படி இருந்தால் ஃபில்டர் மாற்றுவதால் பயனில்லை, டேங்கைக் கழற்றிக் கழுவியே ஆக வேண்டும். பாதி டேங்கோடு இரவில் நிறுத்துகிறவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். காலியான இடத்தில் உள்ள ஈரக்காற்று குளிர்ந்து டேங்க் சுவரில் தண்ணீராகப் படிகிறது. வேலை முடிந்ததும் டேங்கை நிரப்பி நிறுத்துவது நல்லது.

இரண்டாவது இடம், ஃபில்டரைத் தாண்டி எஃப்.ஐ. பம்பின் வாசல். இங்கே பிரஷர். டயாபிரம் ஃபீட் பம்ப் (ரப்பர் சவ்வு அசைந்து டீசலைத் தள்ளுகிற வகை) உள்ள வண்டியில் அளவு குறைவாகத்தான் இருக்கும், சில பிஎஸ்ஐ. இன்லைன் எஃப்.ஐ. பம்பின் (சிலிண்டருக்கு ஒரு பிளஞ்சர் வீதம் வரிசையாக உள்ள வகை) பக்கவாட்டில் உட்காருகிற பிளஞ்சர் ஃபீட் பம்ப் 1 பாருக்கு மேலும் கொடுக்கும். இங்கேயும் மேனுவல் அளவுதான் சட்டம். ஆனால் அளவைவிட நான் கவனிப்பது முள்ளின் போக்கை. லோடு இல்லாமல் நல்ல பிரஷர் காட்டிவிட்டு, லோடில் சரிந்தால் பற்றாக்குறை உறுதி. பிறகு கேஜை ஃபில்டருக்கு முன்னால் மாற்றி அதே லோடில் ஓட்டுவேன். முன்னால் நன்றாக இருந்து பின்னால் சரிந்தால் ஃபில்டர். முன்னாலேயே சரிந்தால் ஃபீட் பம்ப், அல்லது அதற்கும் முன்னால் உள்ள உறிஞ்சல். வேக்குவம் ஏற்கெனவே பார்த்திருப்பதால் அதிலும் குழப்பம் வராது.

ஃபீட் பம்பே பலவீனம் என்று வந்தால், டயாபிரம் வகையில் இன்ஜின் ஆயிலை ஒரு முறை இழுத்துப் பாருங்கள். டயாபிரம் கிழிந்தால் டீசல் சம்ப்புக்குள் இறங்கும். டிப் ஸ்டிக்கில் மட்டம் ஏறியிருக்கும், ஆயில் இளகி டீசல் வாடை அடிக்கும். அந்த ஆயிலோடு ஓட்டினால் பேரிங் போய்விடும், பம்பையும் ஆயிலையும் சேர்த்து மாற்றிவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். கை லீவரால் அடித்துப் பார்க்கும்போது அழுத்தமே இல்லாமல் லொடலொடவென்று இருந்தால் உடனே பம்ப் போச்சு என்று முடிவு கட்ட வேண்டாம். கேமின் மேடு பம்ப் ஆர்மைத் தள்ளிய நிலையில் இன்ஜின் நின்றிருந்தாலும் கை லீவர் வேலை செய்யாது. கிராங்கை ஒரு சுற்று திருப்பிவிட்டு அடித்துப் பாருங்கள். பிளஞ்சர் வகையில் உள்ளே இருக்கிற சின்ன வால்வ்களில் மணல் துகள் மாட்டினாலே பிரஷர் இறங்கிவிடும். சிலவற்றில் இன்லெட் பான்ஜோவுக்குள்ளேயே ஒரு சல்லடை ஒளிந்திருக்கும். மெயின் ஃபில்டரை ஒழுங்காக மாற்றுகிறவர்கள்கூட அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

இன்லைன் பம்ப் வண்டிகளில் இன்னொரு மறைவான ஆசாமி ஓவர்ஃப்ளோ வால்வ். பம்பின் உள்ளே டீசல் பிரஷரைப் பிடித்து வைத்து, மிச்சத்தை ரிட்டர்னில் விடுவது அதன் வேலை. ஸ்பிரிங் தளர்ந்தால் பிரஷர் நிற்காமல் டேங்குக்கே திரும்பிப் போய்விடும். ஃபீட் பம்ப் புதிது, ஃபில்டர் புதிது, ஆனாலும் கேஜ் குறைவாகவே காட்டும். கேஜைப் பார்த்துக்கொண்டே ரிட்டர்ன் ஹோஸை ஒரு நொடி அமுக்கிப் பிடித்தால் முள் சட்டென்று ஏறும், அப்போது குற்றவாளி அந்த வால்வ்தான். ஏறவில்லை என்றால் டீசல் வருவதே குறைவு. இந்தச் சோதனையை ரோட்டரி பம்ப்களில் (சுழல்கிற ஒரே ரோட்டர் எல்லா சிலிண்டருக்கும் டீசலைப் பிரித்துக் கொடுக்கிற வகை) செய்யாதீர்கள். அவற்றில் ரிட்டர்னை அடைத்தால் பம்ப் உடலுக்குள் பிரஷர் ஏறும், சிலவற்றில் இன்ஜின் மந்தமாகி நின்றே போகும். சிஏவி டிபிஏ மாதிரி ரோட்டரி பம்புக்குள் டிரான்ஸ்ஃபர் பம்ப் என்று தனியாக ஒன்று உண்டு. அதன் பிரஷர் ஆர்பிஎம்மோடு ஏறுவது, அதை அளப்பது டெஸ்ட் பெஞ்ச் வேலை. இந்தக் கிட்டால் அதன் வாசல் வரைக்கும்தான் போக முடியும்.

இனி கிட்டின் குறைகள். கேஜ் டயல் 40 மி.மீ.தான். டிராக்டர் சீட்டில் உட்கார்ந்துகொண்டு படிக்க முடியாது. லோடில் ஓடுகிற வண்டிக்குப் பக்கத்தில் நடந்துகொண்டே பார்ப்பதை நான் யாருக்கும் அனுமதிப்பதில்லை, பின்னால் ரோட்டவேட்டர் சுற்றிக்கொண்டிருக்கிறது. நான் செய்வது, ஒரு மொபைலை கேஜுக்கு நேராகக் கட்டி வீடியோ போட்டுவிடுவது. இன்ஜின் சத்தமும் சேர்ந்து பதிவாவதால், ஆர்பிஎம் விழுந்த நொடியில் முள் எங்கே இருந்தது என்பதை நிதானமாகத் திரும்பப் பார்க்கலாம். இதற்கு முன் சொன்ன −0.4 இப்படி வீடியோவில் பிடித்ததுதான்.

டயாபிரம் பம்ப் ஒவ்வொரு அடிக்கும் டீசலைத் தள்ளித் தள்ளி விடுவதால் முள் நடுங்கும். நிடில் வால்வைக் கிட்டத்தட்ட மூடி, மயிரிழை திறந்து வைத்தால் நடுக்கம் அடங்கும். வால்வ் கொடுத்ததற்கு அந்தக் கம்பெனியைப் பாராட்டலாம், கிளிசரின் நிரப்பிய கேஜ் கொடுத்திருந்தால் இன்னும் பாராட்டியிருப்பேன்.

ஹோஸ் எனக்குப் பிடிக்கவில்லை. சாதாரண பிவிசி. கொஞ்ச காலத்திலேயே டீசல் பட்டு மஞ்சளாகி, குச்சி மாதிரி விறைத்து, கிளிப் போட்டாலும் பிடிக்காமல் போனது. குமிழி பார்ப்பதற்கென்று கொடுத்த ஹோஸே முனையில் காற்று எடுத்தால் வண்டியில் இல்லாத கோளாறைக் காட்டிவிடும். பாலியூரித்தேன் ஹோஸ் வாங்கி மாற்றிக்கொண்டேன், அது தாக்குப்பிடிக்கிறது. எதுவாக இருந்தாலும் சோதனை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். அப்படியே விட்டு ஓட்டினால், அது இளகி எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் பட்ட அன்றைக்குத் தீப்பிடிக்கும். மாட்டும்போதே சூடான இடத்திலிருந்து தள்ளிக் கட்டுங்கள்.

பிளாஸ்டிக் டி ஜாயின்ட்களில் ஒன்று கிளிப்பை முடுக்கும்போதே விரிந்தது. பித்தளை டி போட்டுக்கொள்ளுங்கள். பான்ஜோ போல்ட்களின் மரை நன்றாக வெட்டியிருக்கிறார்கள், அதில் குறையில்லை. ஆனால் மாற்று வாஷர் ஒன்றுகூடப் பெட்டியில் இல்லை. ஒவ்வொரு முறை கழற்றும்போதும் புது காப்பர் வாஷர் போட வேண்டிய வேலைக்கு, ஒரு பாக்கெட் வாஷர் வைத்திருக்க வேண்டாமா? கேஜின் பூஜ்ஜியம் சரியாக இருந்தது. இன்னொரு நல்ல கேஜோடு ஒரே லைனில் மாட்டி ஒப்பிட்டேன், நாம் தேடுகிற வித்தியாசத்துக்கு நம்பலாம்.

லோ பிரஷர் பக்கம் எல்லாம் சரி, இழுவை இன்னும் இல்லை என்றால் கிட்டின் எல்லை முடிந்தது. பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிகளில் ஐட்லிங்கில் ஒவ்வொரு நாசில் பைப் நட்டாகத் தளர்த்திப் பார்ப்பார்கள். நட்டைத் தளர்த்தியும் இன்ஜின் சத்தம் மாறவில்லை என்றால் அந்த சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யவில்லை. பிறகு நாசிலை டெஸ்டரில் போட வேண்டும். டைரக்ட் இன்ஜெக்ஷன் நாசில்கள் பெரும்பாலும் 175 முதல் 250 பாருக்குள் திறக்கும்படி செட் செய்யப்பட்டவை. அந்தப் பிரஷரில் வருகிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் இருக்காது, உள்ளே சதை அழுகி விரலையே எடுக்க வேண்டி வரலாம். அப்படிப் பட்டுவிட்டால் மருந்து தடவிக்கொண்டு வேலையைத் தொடரக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் டீசல் உள்ளே பாய்ந்தது என்று சொல்ல வேண்டும். கண்ணாடி போட்டு, நட்டின் மேல் துணியைச் சுற்றித்தான் தளர்த்த வேண்டும். காமன் ரெயில் வண்டிகளில் (எல்லா நாசிலுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து உயர் அழுத்த டீசல் போகிற, எலக்ட்ரானிக் கட்டுப்பாடு உள்ள வண்டிகள்) ஓடும்போது ஒரு நட்டையும் தொடாதீர்கள். அங்கே பிரஷர் 1000 பாரைத் தாண்டும், அதற்கு ஸ்கேனர்தான். இந்தக் கிட்டும் அந்த வண்டிகளுக்கு வாங்க வேண்டாம். அவற்றில் சிலவற்றின் லோ பிரஷர் பக்கமே 3 பாரைத் தாண்டிப் போகும், கேஜ் கெட்டுவிடும்.

ஒரே டிராக்டர் வைத்துத் தானே சர்வீஸ் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும், மெக்கானிக்கல் பம்ப் வண்டிகள் பார்க்கிற பட்டறைக்காரர்களுக்கும் இதை வாங்கச் சொல்வேன், ஹோஸையும் டி ஜாயின்ட்களையும் மாற்றிக்கொள்வதாக இருந்தால். வாங்கியதும் முதலில் நன்றாக இழுக்கிற வண்டியில் மாட்டி, முழு லோடில் வேக்குவம் எவ்வளவு, ஃபில்டருக்கு முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். மேனுவல் கிடைக்காத பழைய வண்டிகளுக்கு எனக்கு அந்த நோட்டுதான் மேனுவல். அதே வண்டி பிறகு இழுக்கவில்லை என்று வந்தால், எதோடு ஒப்பிடுவது என்று தேட வேண்டியதில்லை. அடுத்ததாக 63 மி.மீ. கிளிசரின் கேஜ் ஒன்று தனியாக வாங்கி இதே வால்விலும் பான்ஜோவிலும் பொருத்தப் போகிறேன். பான்ஜோ போல்ட்கள் இன்னும் புதிது மாதிரியே இருக்கின்றன.